சம்பூரில் நிலக்கரிக்குப் பதிலாக அணுவா?

மூதூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "சம்பூரில் நிலக்கரி நிலையம் வேண்டாம் என்று போராடி நிறுத்தினோம். இப்போது காலநிலை மாற்றத்துக்கு அணுமின்சாரமே மருந்து என்று பெரிய நாடுகள் சொல்கின்றன. அப்படியானால் அதே இடத்தில் சிறியதோர் அணுமின் நிலையம் கட்டினால் என்ன? புல்மோட்டை மணலில் தோரியம் இருக்கிறதாமே, அது உதவாதா?" ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அணுமின்சாரம் உண்மையிலேயே காபன் குறைந்ததா, அது ஆட்களைக் கொல்லுமா, இந்தத் தீவுக்கும் சம்பூரை ஒட்டிய கொட்டியாரக்குடாவுக்கும் அது பொருந்துமா என்பவை அவை. முதலிரண்டுக்கும் உலகம் முழுவதற்கும் ஏற்ற விடைகள் உண்டு. மூன்றாவதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு, அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் பேராதனையில் மின்பொறியியல் படித்து, முப்பது வருடத்துக்கு மேல் உபநிலையங்களிலும் மின்வலையமைப்புக் கட்டுப்பாட்டு அறையிலும் வேலை செய்துவிட்டு, இப்போது திருகோணமலையில் ஓய்வாக இருப்பவன். அணுஉலைப் பௌதிகம் என் துறை அன்று; அதில் நான் வெறும் வாசகன். ஆனால் ஒரு பெரிய மின்பிறப்பாக்கி நின்றுபோனால் நாடு என்ன பாடுபடும் என்பதை மேசைக்கு முன்னாலிருந்து கண்டவன்.

முதற் கேள்விக்கான விடையில் ஐயத்துக்கு இடமில்லை. சுரங்கத்திலிருந்து யுரேனியத்தை எடுப்பது, செறிவூட்டுவது, கொங்கிறீற்று வார்ப்பது, கடைசியில் நிலையத்தை உடைத்து அகற்றுவது என எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2014 இல் வெளியிட்ட இடைநிலைப் பெறுமானங்களின்படி ஓர் அலகு (ஒரு கிலோவாட் மணி) அணுமின்சாரத்துக்கு 12 கிராம் காபனீரொட்சைட்டுச் சமானமே வெளியேறுகிறது. நிலக்கரிக்கு அது 820, எரிவாயுவுக்கு 490, பெரிய சூரிய மின்நிலையங்களுக்கு 48, தரைக் காற்றாலைக்கு 11. பிரான்ஸ் 1974 இல் எண்ணெய் நெருக்கடிக்குப் பயந்து எடுத்த முடிவால், காலநிலையைப் பற்றி அதிகம் பேசப்படாத காலத்திலேயே தன் மின்சாரத்தின் பெரும்பகுதியை அணுவுக்கு மாற்றிவிட்டது. ஆகவே இது காகிதத்தில் மட்டும் இருக்கும் தீர்வு அன்று. விவாதத்துக்குரியது என்னவென்றால், இனிமேல் கட்டப்படும் உலைகள் தேவையான வேகத்தில் வருமா என்பதுதான். 1990களின் நடுவில் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 17 வீதமாக இருந்த அணுவின் பங்கு இப்போது 9 வீதமளவில் நிற்கிறது. 2023 டிசம்பரில் டுபாய் மாநாட்டில் இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் 2050க்குள் அணுமின் திறனை மூன்று மடங்காக்குவோம் என்று அறிவித்தன. அறிவிப்பது ஒன்று, கொங்கிறீற்று ஊற்றுவது வேறொன்று.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகின் காபன் வெளியேற்றத்தில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றைக்கூட எட்டாது. நாம் நாளைக்கே நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தை மூடினாலும் வானிலை அதை உணராது. நமக்கு நிலக்கரி ஒரு டொலர்ப் பிரச்சினை, ஒரு சாம்பல் பிரச்சினை, அதற்குப் பிறகுதான் காபன் பிரச்சினை. கப்பலில் வராத எரிபொருளால் எவ்வளவு மின்சாரம் செய்யலாம் என்பதே 2022 இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டின் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது, பாதுகாப்பு. 1986 செர்னோபிலில் விபத்தன்றே இருவரும், கடுங் கதிர்வீச்சு நோயால் அடுத்த சில மாதங்களில் 28 பேரும் இறந்தது உறுதியான எண்ணிக்கை. நீண்ட காலத்தில் புற்றுநோயால் எத்தனை பேர் என்பது உறுதியற்றது, ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2005 இல் 4,000 வரை என்று மதிப்பிட்டன, அதைக் குறைவென்று மறுப்போரும் உண்டு. 2011 புக்குஷிமாவில் கதிர்வீச்சால் இறந்ததாக யப்பானிய அரசு ஏற்றுக்கொண்டது ஒருவரை மட்டுமே. ஆனால் அவசரமாக வெளியேற்றியதாலும் அதன் பின்னான இடப்பெயர்வு வாழ்க்கையாலும் இறந்தோர் அந்த மாகாணத்தில் மட்டும் இரண்டாயிரத்தைத் தாண்டினர். நிலக்கரிப் புகையால் உலகில் ஆண்டுதோறும் இறப்பவர்களோடு ஒப்பிட்டால், உற்பத்தியாகும் ஓர் அலகு மின்சாரத்துக்கு அணுவின் பலி பல நூறு மடங்கு குறைவு. இதை ஒத்துக்கொள்ளாமல் அணுவை எதிர்ப்பது நேர்மையாகாது.

ஆனால் புக்குஷிமாவின் இந்தக் கணக்கைத் திருகோணமலையில் இருந்து வாசிக்கும்போது அது வேறு விதமாகத் தெரிகிறது. அங்கே வெளியேற்றப்பட்ட வட்டத்தின் ஆரை 20 கிலோமீற்றர். சம்பூரில் ஊசியை ஊன்றி அதே வட்டத்தைக் கீறிப் பாருங்கள்: மூதூர், கிண்ணியா, திருகோணமலை நகரம், துறைமுகம், சீனன்குடா எல்லாம் அதற்குள் வந்துவிடும். சம்பூர் மக்கள் 2006 இல் ஒருமுறை ஊரைவிட்டு எழுந்து, கிளிவெட்டி முகாமிலும் வேறிடங்களிலும் ஏறத்தாழ ஒன்பது வருடம் இருந்துவிட்டு, 2015இலும் அதன் பின்னரும்தான் மீண்டார்கள். அவர்களிடம் போய், "இன்னொரு முறை வெளியேற வேண்டி வருவதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு" என்று ஒரு நிகழ்தகவு எண்ணைக் காட்டினால், அந்த எண் சரியாகவே இருந்தாலும், அவர்கள் கேட்கப்போவது அந்த எண்ணைப் பற்றி அல்ல, அதைச் சொல்பவரை நம்பலாமா என்பதைத்தான். அணு ஒழுங்குபடுத்தலின் சாரமும் அதுவே. புதிய வடிவமைப்புகளுக்கு இவ்வளவு பெரிய வட்டம் தேவையில்லை என்று அவற்றைச் செய்வோர் வாதிடுகிறார்கள். சில நாடுகளின் ஒழுங்குபடுத்துநர்கள் அதைக் கேட்டு ஆராயவும் தொடங்கியிருக்கிறார்கள். இருந்தாலும் நாற்பது வருடம் ஓடிக் காட்டிய சாட்சி அந்த வடிவமைப்புகளுக்கு இன்னும் இல்லை.

ஆழிப்பேரலை பற்றியும் கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நிலாவெளிக்கும் நடந்ததை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதே காலையில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பம்பு அறைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையை இயக்குநர்கள் நிறுத்தினார்கள், உலைக்குச் சேதமில்லை, சில நாட்களில் அது மீண்டும் ஓடியது. புக்குஷிமாவிலோ அவசர டீசல் இயந்திரங்கள் தாழ்வான இடத்தில் இருந்து மூழ்கிப்போனதே எல்லாவற்றுக்கும் காரணம். ஆக, அலை வந்ததா என்பதைவிட, அலைக்குப் பின்னும் உலையைக் குளிர்விக்கும் பம்புகளுக்கு மின்சாரம் இருந்ததா என்பதே தீர்மானித்தது.

இந்த இடத்தில்தான் என் தொழில் தொடங்குகிறது. மின்வலையமைப்பின் மீடிறன் (அதிர்வெண்) செக்கனுக்கு 50 சுற்று; உற்பத்தி தேவைக்குக் குறைந்தால் அது விழும். கட்டுப்பாட்டு அறையில் அந்த எண்ணைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்போம், 50.02, 49.97 என்று அது மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். ஒருநாள் பின்னேரம் எங்கோ ஒரு பெரிய அலகு துண்டித்துக்கொண்டது. எண் 49.6 ஆனது, 49.3 ஆனது, கையில் இருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைப்பதற்குள் 49க்குக் கீழே போய்விட்டது. அதன் பிறகு மனிதர் செய்ய ஒன்றுமில்லை. ரிலேக்கள் என்ற தன்னியக்கத் துண்டிப்புக் கருவிகள் தாமாகவே பகுதி பகுதியாக ஊர்களை இருட்டாக்கி மீதியைக் காப்பாற்றின. பெரிய வலையமைப்புகளில் இப்படி ஒரு அலகு போனால் அந்த எண் அசைவதே கண்ணுக்குத் தெரியாது.

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படுவதற்கு முன் பாதையில் (வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவையில்) கடந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பத்து மோட்டார் சைக்கிளும் நாலு ஆட்டோவும் ஏறி இறங்கினால் பாதை அசையாது. நிறை பாரத்துடன் ஒரு லொறி ஏறும்போது மட்டும் ஒரு பக்கம் தாழும், எல்லோரும் கம்பியைப் பிடிப்பார்கள். பாரத்தின் மொத்தம் பிரச்சினையல்ல, ஒரே இடத்தில் ஒரே உருப்படியாக இருப்பதுதான் பிரச்சினை. இதையே மின்பொறியியலில் ஒரு கைக்கணக்காகச் சொல்வார்கள்: எந்தத் தனி அலகும் வலையமைப்பின் அளவில் பத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. நமது உச்சத் தேவை 2,500 மெகாவாட்டைத் தாண்டுவது. நடு இரவிலும் விடுமுறைப் பகல்களிலும் அது பாதியாகிவிடும். நுரைச்சோலையின் ஒவ்வோர் அலகும் 300 மெகாவாட். அதுவே இந்த விதியை மீறித்தான் நிற்கிறது. கூடங்குளத்தில் ஓடும் உலைகள் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்து நம் வலையமைப்பில் இணைப்பது பாதையில் ரயில் எஞ்சினை ஏற்றுவதற்குச் சமம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருண்டது என்று செய்தி வந்து எல்லோரும் சிரித்தார்கள். குரங்கு ஒரு தீப்பொறிதான். அன்று தேவை குறைவு, கூரைகளில் வெயில் அதிகம், சுழலும் கனமான இயந்திரங்கள் கொஞ்சம். கனமான சுழலிக்குச் சடத்துவம் உண்டு. மீடிறன் விழும்போது தன் சுழற்சியைக் கொடுத்து ஓரிரு செக்கன் தாங்கும். கூரைச் சோலாரை வலையமைப்போடு இணைக்கும் வழக்கமான இன்வேட்டர்களுக்கு அது இல்லை. அணுமின் நிலையத்தின் நீராவிச் சுழலி மிகக் கனமானது, சடத்துவம் நிறைந்தது. இந்த ஒரு விடயத்தில் அது நமது வலையமைப்புக்கு நல்ல துணை. இதை அணு ஆதரவாளர்கள்கூடப் போதிய அளவு சொல்வதில்லை.

ஆனால் அதே நாளை உலைக்குள் இருந்து பாருங்கள். நிலக்கரி அடுப்பை அணைத்தால் அணைந்துவிடும். அணுஉலையில் பிளவுத் தாக்கத்தை நிறுத்திய பின்னும், உள்ளே பிறந்த கதிர்த்தொழிற்பாட்டுப் பொருட்கள் சூட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழு வெப்ப வலுவில் 6 அல்லது 7 வீதம், ஒரு நாள் கழித்தும் அரை வீதமளவில் இருக்கும். 300 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்ப வலு ஏறத்தாழ 900 மெகாவாட். ஆகவே அணைத்த கணத்தில் 60 மெகாவாட் அளவும், மறுநாளும் நாலைந்து மெகாவாட்டும் வெப்பத்தை யாராவது இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். தீவு முழுவதும் இருளும் வழக்கமுள்ள நாட்டில் அந்தப் பம்புகளுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கிடைக்காது. மின்சாரமே இல்லாமல் புவியீர்ப்பாலும் இயற்கைச் சுற்றோட்டத்தாலும் மூன்று நாள் குளிர்விக்கும் வடிவமைப்புகள் இன்று இருக்கின்றன, அவை பொய்யல்ல. எனினும் நம் மின்வெட்டு வரலாறு எந்த ஒழுங்குபடுத்துநரின் மேசையிலும் முதற் பக்கமாக இருக்கும். போதாததற்கு, திடீரென்று நின்ற உலையில் நியூத்திரன்களை விழுங்கும் செனன் என்ற வாயு சேர்ந்து, அதை மீள இயக்க ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். நாடு மின்சாரத்துக்குத் தவிக்கும் அந்த ஒரு நாளில் அது வெறும் பார்வையாளராக இருக்கும்.

சரி, சிறிய உலைகள்? நீங்கள் "சிறியதோர்" என்று எழுதியது அதனால்தான் என்று நினைக்கிறேன். 300 மெகாவாட்டுக்குட்பட்ட தொகுதி உலைகள் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்துபவை) நம் வலையமைப்புக்கு அளவில் ஏறத்தாழப் பொருந்துபவை. 85 வீத நேரம் ஓடினால் 300 மெகாவாட் உலை ஒன்று மட்டும் ஆண்டுக்கு 2,200 கிகாவாட் மணிக்கு மேல் தரும். சம்பூரில் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்ட 120 மெகாவாட் சூரிய மின்திட்டம், முழுத் திறனில் சராசரியாக 18 வீதம் என்று வைத்தால், 190 கிகாவாட் மணி அளவுதான் தரும். இந்தப் பன்னிரண்டு மடங்கு வித்தியாசத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று கடையில் வாங்கக்கூடிய சிறிய உலை எது என்று கேட்டால் பதில் சுருக்கமானது. ரஷ்யாவில் 2020 முதல் மிதவைக் கப்பல் ஒன்றில் 35 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. சீனாவில் ஷிடாவோ குடாவில் 200 மெகாவாட் அளவிலான வாயுக் குளிர்ப்பு உலை 2023 டிசம்பரில் வணிக இயக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் மிகவும் பேசப்பட்ட நியூஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டம், செலவு ஏறியதால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. முதலாவது வாடிக்கையாளராக இருப்பது பணக்கார நாடுகளுக்குரிய பொழுதுபோக்கு. நாம் பத்தாவதாகப் போவதே புத்தி.

பணத்தையும் காலத்தையும் பற்றி ஒரு கணக்கு. வங்காளதேசத்தின் ரூப்பூரில் 2,400 மெகாவாட் நிலையத்தின் ஒப்பந்த விலை 12.65 பில்லியன் டொலர், அதில் 90 வீதம் ரஷ்யக் கடன். கிலோவாட்டுக்கு 5,270 டொலர் ஆகிறது. அதே விலையில் 600 மெகாவாட் வாங்கினால் 3.2 பில்லியன், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நமக்கு நாலு வருடத்துக்கென ஒப்புக்கொண்ட முழுத் தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். விலை அங்கேயே நிற்கும் என்ற உறுதியும் இல்லை. பிரான்ஸின் பிளமன்வில் உலை 2007 இல் தொடங்கி 2024 டிசம்பரில்தான் மின்சாரம் தந்தது, செலவு நாலு மடங்கானது. பிலிப்பைன்ஸின் பாத்தான் நிலையம் இன்னும் கசப்பான பாடம்: 1980களில் கட்டி முடித்தும் ஒரு நாளும் எரிபொருள் ஏற்றப்படவில்லை, கடனை மட்டும் 2007 வரை கட்டினார்கள். எதிர்ப்பக்கத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தின் பறக்கா இருக்கிறது. 2012 இல் தொடங்கி 2024க்குள் நாலு உலைகளும் ஓடி நாட்டின் மின்சாரத்தில் கால்வாசியைத் தருகின்றன. கையில் காசும், ஒரே விற்பனையாளரும், மாறாத அரசும் இருந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. நமக்கு அந்த மூன்றில் எது இருக்கிறது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். சர்வதேச அணுசக்தி முகவரகம் புதிய நாடுகளுக்கு 19 உட்கட்டமைப்பு விடயங்களை வகுத்து, முடிவெடுத்ததிலிருந்து முதல் மின்சாரம் வரை 10 முதல் 15 வருடம் என்கிறது. 2022 இல் அதன் குழு இலங்கைக்கும் வந்து முதற் கட்ட ஆயத்தத்தை மீளாய்வு செய்தது. கழிவைப் பொறுத்தவரை, பின்லாந்து பாறைக்குள் 400 மீற்றருக்குக் கீழே நிரந்தரக் கிடங்கு தோண்டியிருக்கிறது. வங்காளதேசம் பாவித்த எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்ப உடன்பட்டிருக்கிறது. சிறிய நாட்டுக்கு இரண்டாவது வழிதான் நடைமுறைக்கு உகந்தது.

கொட்டியாரக்குடாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எந்த நீராவி நிலையமும், நிலக்கரியோ அணுவோ, வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கையோ சற்றுக் கூடுதலாகவோதான் மின்சாரமாக்கும். மிச்சம் கடலுக்குப் போகும். 300 மெகாவாட் உலையென்றால் 600 மெகாவாட் வெப்பம். கடல்நீரைப் பத்துப் பாகை சூடாக்கி விடுவதென்றால் செக்கனுக்கு 15 கனமீற்றர் நீர் ஓட வேண்டும். மகாவலி கலக்கும் ஆழமற்ற ஓரங்களில் இறாலும் நண்டும் பிடிப்பவருக்கு இது சின்ன விடயம் அல்ல. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே முருகைக்கற்கள் வெளிறிவிடும் என்பது நிறுவப்பட்ட உண்மை. குடா வாயிலில் கடல் சட்டென்று மிக ஆழமாவதால், குழாயை ஆழத்தில் விட்டால் கலப்பு நன்றாக நடக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. அது நடக்குமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும், மேசையிலிருந்து சொல்ல முடியாது. சம்பூரில் 2016 இல் கைவிடப்பட்ட 500 மெகாவாட் நிலக்கரித் திட்டத்துக்கு எதிராகவும் கூடங்குளத்துக்கு எதிராகவும் கடற்றொழிலாளர் எழுப்பிய முறைப்பாடுகளில் இந்தச் சுடுநீரும் ஒன்று. எரிபொருளை மாற்றியதால் அது மறைந்துவிடாது.

ஆகவே நீங்கள் என்னிடம் முடிவைக் கேட்டால்: உலகத்துக்கு அணு வேண்டும், இருக்கிற நல்ல உலைகளை அவசரப்பட்டு மூடுவது தவறு என்றும் நினைக்கிறேன். சம்பூருக்கு அடுத்த பத்து வருடத்துக்கு அது விடையல்ல. அதற்குள் செய்யக்கூடியவை அரநாயக்கவில் திட்டமிட்டிருக்கும் 600 மெகாவாட் நீரேற்றுத் தேக்கம் (மிச்ச மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது), மாலை ஏழு மணி உச்சத்துக்கான மின்கலங்கள், மன்னார்க் காற்று, இந்தியாவோடு நேரோட்ட இணைப்பு ஆகியன. கடைசியாகச் சொன்னது வந்தால் ஒரு வேடிக்கையும் நடக்கும்: மதுரைப் பக்கத்திலிருந்து வரும் மின்சாரத்தில் கூடங்குளத்தின் பங்கும் கலந்தே வரும், அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. வலையமைப்பு பெரிதாகிய பிறகு, 2040ஐ அண்மித்த காலத்தில், பத்து இடங்களில் ஓடித் தேறிய சிறிய உலை ஒன்று விற்பனைக்கு இருந்தால், அப்போது இந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில் நியாயம் உண்டு.

புல்மோட்டை மிச்சமிருக்கிறது. 1957 இல் தொடங்கிய அரச கூட்டுத்தாபனம் இல்மனைற்று, ரூத்தைல், சேர்க்கன் என்ற கனிமங்களை எடுத்துவரும் அந்த மணலில் மொனசைற்று என்ற கனிமமும் சிறிதளவு உண்டு, அதற்குள் தோரியமும் உண்டு. ஆனால் தோரியம் தானாக எரியும் எரிபொருள் அல்ல; உலைக்குள் நியூத்திரனை வாங்கி யுரேனியம் 233 ஆக மாறிய பின்னரே பயன்படும். நம்மைவிடப் பல மடங்கு மொனசைற்று வைத்திருக்கும் இந்தியா பல பத்தாண்டுகளாக இதில் உழைத்தும், கல்பாக்கத்தில் அந்த யுரேனியத்தில் ஓடுவது 30 கிலோவாட் ஆராய்ச்சி உலை ஒன்றுதான். நம் வீதிகளில் கூரைக்குச் சோலார் போட்ட ஐந்தாறு வீடுகள் உச்சி வெயிலில் அதைத் தாண்டிவிடும். உண்மையில் அணுத்துறை நம் மணலில் நாடக்கூடியது சேர்க்கனைத்தான். அதிலிருந்து எடுக்கும் சேர்க்கோனியத்தில்தான் எரிபொருட் கோல்களின் உறை செய்கிறார்கள். புக்குஷிமாவில் தண்ணீர் வற்றியபோது நீராவியோடு தாக்கமுற்று, கூரைகளைப் பிய்த்தெறிந்த ஐதரசனைப் பிறப்பித்ததும் அதே உலோகமே.